மூச்சு வாங்கும் துடைப்பான்

பழைய வில்லீஸ் ஜீப்பின் வைப்பருக்கு மின்சாரம் வேண்டாம். எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடம்தான் அதற்குச் சோறு. வண்டி நின்றால் பரபரவென்று ஆடும். ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் வெற்றிடம் குறைந்து பாதியிலேயே படுத்துக்கொள்ளும். மலையேற்றத்தில்தான் இந்தத் தொல்லை என்பார்கள். கடலோர வேம்பாரில் பனைமரத்தை விட்டால் ஏறுவதற்கு என்ன இருக்கிறது என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். ஐப்பசி மழையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பு லாரியை முந்தப்போன இடத்தில் ஞானம் பிறந்தது.

"வைப்பர் மோட்டார் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, எஞ்சின்ல இருந்து வர்ற டியூப்புதான் வெடிச்சுப்போச்சு" என்றார் மெக்கானிக். மெல்லிய டியூப் போட்டால் உறிஞ்சும் வேகத்தில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். தடித்த சுவர் வேண்டும். சங்கு குளிப்பவர்கள் கழித்துப்போட்ட காற்றுக்குழாயில் ஒரு முழம் வெட்டி வந்தார். கடலடியில் மூச்சு கொடுத்த குழாய், கரையில் மூச்சு வாங்குகிறது. மோட்டாரைத் திறந்து, உள்ளே காய்ந்து கிடந்த துடுப்புக்கு நாலு சொட்டு எண்ணெயும் விட்டார்.

இப்போது வண்டி நிற்கும்போது கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கிறது. வேகம் பிடித்தால் பக்கத்து சீட்டு மருமகன்தான் கையால் ஆட்டுகிறான். இரண்டாம் உலகப்போர் ஜீப்பில் சிப்பாய்களும் அப்படித்தான் ஆட்டினார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பயல் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறான்.