எடை இயந்திரத்தின் பெருமிதம்

திருமணத்துக்கு முந்தைய மாதத்தில் சோற்றைத் துறந்து சுரைக்காய்ச் சாற்றிடம் தஞ்சமடையும் குடும்பங்களில், எடை இயந்திரத்தின் முள் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கிய செய்தி உறவினர் அனைவருக்கும் அறிவிக்கப்படுகிறது. கல்லீரலும் தசையும் சேமித்து வைக்கும் மாவுப்பொருளான கிளைக்கோஜன், தன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிணைத்து வைத்திருப்பதால், அந்த வாரத்தில் விடைபெற்றதில் பெரும்பங்கு தண்ணீரே என்பது மட்டும் அறிவிப்பில் இடம்பெறுவதில்லை. கொழுப்போ எளிதில் கிளம்பும் விருந்தாளி அன்று. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது.

போதிய புரதமும் பளுப்பயிற்சியும் இல்லாமல் பட்டினி நீளும்போது, உடல் தன் தசையையே அமினோ அமிலங்களாக, அதாவது புரதத்தின் அடிப்படை அலகுகளாக, உடைத்துச் செலவிடுகிறது. எடை இயந்திரம் அந்த இழப்பையும் அதே உற்சாகத்துடன் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. எடை குறைப்போருக்கு உடலெடையின் கிலோ ஒன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுவதுண்டு (சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்பது நலம்). 60 கிலோ எடையுள்ளவர் நாள்தோறும் 72 கிராமையேனும் எட்ட வேண்டும் என்ற நிலையில், ரசத்தில் மிதக்கும் பருப்பை மட்டும் நம்புவோர் அதை அண்டாக் கணக்கில் அருந்த நேரிடும். பளு தூக்கினால் உடம்பு முறுக்கேறிப் பயில்வான் ஆகிவிடும் என்று அஞ்சுவோர் கடற்கரையில் நடப்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். நடையின் முடிவில் சூடான பஜ்ஜிக் கடை இருப்பது தற்செயல் என்பதே அவர்களின் வாதம்.