சுருளும் எட்டு லிங்கங்களும்: ரமண நகர் வட்டாரத்தில் ஆட்டோமேட்டிக் கர்லர் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

தலைமுடி விஷயத்தில் பொய்ச்சாட்சி திருவண்ணாமலைக்குப் புதிதல்ல. அடிமுடி தேடிய கதையில், உச்சியைக் காணாத பிரம்மா கண்டதாகச் சொல்ல, சிவன் சடையிலிருந்து நழுவி விழுந்துகொண்டிருந்த தாழம்பூ "ஆமாம், பார்த்தார்" என்று ஒத்து ஊதியது. செல்போன் திரையில் ஒரு பெண் கர்லரைத் தலையில் ஒருதரம் வைத்து எடுத்ததும் இடுப்புவரை சுருள் சுருளாக இறங்குகிறதே, அந்த விளம்பர மரபுக்கு ஆதிநூல் இதுதான். பொய் சொன்ன பூவுக்குச் சிவபூசையில் இடம் போயிற்று. பெண்களின் பின்னலில் இடம் கிடைத்தது. இதைத் தண்டனை என்று சொல்லலாமா என்பதைத் தனியே ஆராய வேண்டும்.

நம் ஆய்வின் எல்லை, செங்கம் சாலையில் அக்னி லிங்கம் தொடங்கி ரமணாசிரமம் வரையிலும், அதை ஒட்டிய ரமண நகர்ச் சந்துகளும். தலைகளை ஆராய இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. மழித்த தலை, சடை விழுந்த தலை, எண்ணெய் வைத்து வாரிய தலை, நவம்பரில் வந்து மார்ச்சில் கிளம்பும் வெளிநாட்டார் தலை, எல்லாம் ஒரே டீக்கடை வாசலில் நிற்கும். இந்த ஊரில் ஒரு தலையைப் பற்றி எடுக்கப்பட்ட மிகப் புகழ்பெற்ற முடிவு 1896 செப்டம்பர் 1இல் நடந்தது. மதுரையிலிருந்து வந்து இறங்கிய பதினாறு வயது வேங்கடராமன், அய்யங்குளத்தருகே குடுமியை மழித்துக்கொண்டார். பின்னால் ரமணர் ஆனவர் அவர். அதற்கு எந்த வெப்பநிலையில் வைப்பது என்ற கேள்வியே எழவில்லை. அந்தத் துணிவு வராத மற்றவர்களுக்காகவே இக்கட்டுரை.

கர்லர் வாங்குவோர் பிராண்டைக் கேட்கிறார்கள், டிகிரியைக் கேட்கிறார்கள், பிங்க் நிறத்தில் உண்டா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: போட்ட சுருள் எந்த லிங்கம் வரை தாங்கும்? கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். எண்திசைக்கும் ஒவ்வொரு லிங்கமாக எட்டு. சுருளின் ஆயுளை அளக்க இதைவிட நல்ல அளவுகோலை எந்த ஆய்வுக்கூடமும் அமைத்ததில்லை. பௌர்ணமி இரவில் இந்திர லிங்கத்தருகே புறப்படும் சுருள் ஈசானியத்தில் சுருளாகவே வந்து சேருமானால் அது எட்டு லிங்கச் சுருள். வழியில் தொங்கிப்போனால் எங்கே தொங்கியதோ அதுவே அதன் மதிப்பெண்.

லிங்க வரிசையிலேயே நடப்போம். இந்திரனுக்கு ஆயிரம் கண். நமக்கு இரண்டுதான், அவையும் முன்பக்கம். பழைய கர்லிங் ராடில் பின்தலையைச் சுருட்டக் கண்ணாடிக்கு எதிரே இன்னொரு கண்ணாடி வேண்டும், பிடிக்க ஒரு தங்கச்சி வேண்டும், கழுத்தில் சூடு போட்டுக்கொள்ளவும் தயாராக இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கர்லர் இந்த இடத்தில்தான் காசுக்கு வேலை செய்கிறது. இரண்டு விரல் அகலத்துக்கு முடியைப் பிரித்து, சிக்கெடுத்து, கருவியின் வாயை மண்டைப்பக்கம் திருப்பி வைத்துப் பொத்தானை அழுத்தினால், உள்ளேயிருக்கும் மோட்டார் முடியை இழுத்துச் சூடான உருளையைச் சுற்றிவிடும். சில கருவிகளில் எட்டு, பத்து, பன்னிரண்டு விநாடி என்று கணக்கு வைக்கலாம். பீப் வந்ததும் விட வேண்டும். நல்ல கருவி ஒரு கற்றையை இடமாகவும் அடுத்ததை வலமாகவும் சுற்றும். எல்லாம் ஒரே பக்கம் சுற்றினால் சுருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பெரிய உருளையாகிவிடும்.

அக்னிக்கு வருவோம். முடி என்பது கெரட்டின். அதன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் ஹைட்ரஜன் பிணைப்பு என்பது பலவீனமான வகை. சூட்டில் அவிழும், ஆறியதும் அப்போதிருக்கும் வளைவிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். 1870களில் பாரிஸில் மார்செல் கிராத்தோ இரும்புக் கிடுக்கியைச் சூடாக்கி அலை போட்டதும், இன்றைய மோட்டார் போடுவதும் இந்த ஒரே தந்திரந்தான். ஆகவே சுருள் உண்டாவது ஆறும்போது. பீப் கேட்டதும் விரலை விட்டுக் கோதிப் பார்க்கிறவர்களின் சுருள் இந்திர லிங்கத்தைக்கூடப் பார்க்காது. மெல்லிய முடிக்கு 160 டிகிரி போதும். நம்மூர் அடர்ந்த முடிக்கு 180, மிஞ்சினால் 200. 230 வரை போகும் என்று அட்டையில் பெருமையாகப் போட்டிருப்பது முடியைக் கருக்கும் வசதி. கருவியில் குறைந்த சூட்டுக்கு வழியிருக்கிறதா என்று பார்த்து வாங்குக. ஈரத்தலையில் வைக்கவே கூடாது. உள்ளேயிருக்கும் நீர் அங்கேயே ஆவியாகி, முடிக்குள் குமிழி விட்டு அதை உடைத்துவிடும்.

ஆனால் இந்தக் கருவியை வடிவமைத்தவர்கள் தேங்காய் எண்ணெயை நினைத்துப் பார்க்கவில்லை. சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 டிகிரி வாக்கிலேயே புகையத் தொடங்கும். ரமண நகர் வீடொன்றின் திண்ணையில் நடந்த களப்பணியிலிருந்து ஒரு பகுதி:

"ஆயா, கொஞ்சம் பேசாம இரு. பீப் வரணும்."

"பீப் வர்றதுக்குள்ள பொக வருதேடி."

"அது ஆவி, ஆயா."

"ஆவியா? அப்பளம் பொரிக்கிற வாசன வருது. அந்தக் கொரங்கு வேற மதில் மேல வந்து குந்திக்கிச்சு பாரு."

வாசனையைக் கண்டு குரங்கு வந்ததா, ஏற்கெனவே அங்கிருந்ததா என்பது நிறுவப்படவில்லை. எண்ணெயின் பங்கு மட்டும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. தலைக்குக் குளித்து, சீயக்காயோ ஷாம்போ போட்டுப் பிசுக்கு போன தலையில்தான் கர்லர்.

எமலிங்கம், வோல்டேஜுக்கு. அமெரிக்காவிலிருந்து வந்து தங்குகிறவர்கள் ஊர் திரும்பும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அன்போடு கொடுத்துவிட்டுப் போகும் கர்லர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் செருகினால் சூடாக்கும் கம்பி மூன்றரை மடங்குக்கும் மேல் மின்சக்தியை வாங்கும். அடியில் 100–240 என்று போட்டிருந்தால் அன்பை ஏற்கலாம். நிருதிக்கு இந்த ஆய்வில் வேலையில்லை, கும்பிட்டுவிட்டு நடக்கலாம்.

வருண லிங்கத்தில்தான் பெரும்பாலான சுருள்கள் விழுகின்றன. சூட்டில் அவிழ்ந்த அதே ஹைட்ரஜன் பிணைப்பு ஈரத்திலும் அவிழும். முடிக்குக் காற்றின் ஈரம் எவ்வளவு நன்றாகத் தெரியும் என்றால், 1783இல் ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானி சோசூர் மனித முடியை வைத்தே செய்த ஈரப்பதமானி பற்றி நூல் எழுதினார். காய்ந்த முடி முழு ஈரத்தில் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் நீளும். அந்த நீட்சி முள்ளை நகர்த்தும். அவரும் முடியிலிருந்து எண்ணெய்ப் பசையை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்தினார் என்பதை ஆயா கவனிக்க. இப்போது நம் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஊரே அலங்காரம் செய்துகொள்ளும் கார்த்திகை தீபம் விழுவது வடகிழக்குப் பருவமழைக்குள். நடப்பதோ இரவில், பகலைவிட ராத்திரிக் காற்றில் ஈரப்பதம் கூடுதல். கழுத்து வேர்வை தனி. மலைமேல் அக்னி ஏறும் நாளில் கீழே வருணன் ஆட்சி. எந்தக் கருவியை எத்தனை ஆயிரத்துக்கு வாங்கினாலும் இதை மாற்ற முடியாது. சித்திரை பௌர்ணமிக்குக் காற்று உலர்ந்திருக்கும், அடியண்ணாமலை தாண்டியும் சுருள் வரும். பகலில் நடந்தால் தரையில் கால்தான் வைக்க முடியாது.

வாயுவைப் பற்றி ஒரு வரி: சூடான உலோகத்துக்குப் பதில் காற்றே முடியைச் சுற்றிவிடும் டைசன் ஏர்ராப் 2018இல் வந்தது. குபேர லிங்கம் அடுத்து வருவது அதற்காகவே. அதன் விலை பத்தாயிரக்கணக்கில் இருக்கும். முடியை உள்ளிழுத்துச் சுற்றும் சாதாரணக் கர்லரைச் சில ஆயிரங்களில் வாங்கிவிடலாம். இடுப்பைத் தாண்டிய கூந்தலைப் பெரும்பாலான கருவிகள் ஏற்பதில்லை என்பதால், நீண்ட கூந்தல்காரர்களுக்கு முழுத் தொகையும் மிச்சம். அவர்களுக்கு ஆயாவிடம் வேறொரு கருவி இருக்கிறது: லேசான ஈரத்தில் இறுக்கி நாலு பின்னல் போட்டு, படுத்துத் தூங்கி, காலையில் அவிழ்ப்பது. அதே ஹைட்ரஜன் பிணைப்பு. சூட்டுக்குப் பதில் ஈரம், எட்டு விநாடிக்குப் பதில் எட்டு மணி நேரம். கரண்ட் போனாலும் நடக்கும்.

ஈசானியம் வரை குலையாமல் வரும் முடியமைப்பு ஆய்வெல்லைக்குள் ஒன்றே ஒன்று: சாதுக்களின் சடை. அதைப் பார்த்து ஆசைப்பட்டு, பாதி சடை விழுந்த தலையில் கர்லரை வைத்த வெளிநாட்டு இளைஞர்களும் இருக்கலாம். அப்படிச் சிக்கிக்கொண்டால் நல்ல கருவி தானே நின்று, விடாமல் கத்தும். உடனே பிளக்கைப் பிடுங்குக, ஆறவிடுக, சுற்றிய திசைக்கு எதிராக ஒவ்வோர் இழையாகத் தளர்த்துக. வாரண்டி அட்டையில் சடைக்கு இடமில்லை. கத்தரிக்கோலைக் கடைசியாக எடுக்கலாம். நாவிதர் செங்கம் சாலையிலேயே இருக்கிறார்.