நட்டுகிட்டயும் ரெண்டு வார்த்தை பேசுங்க, தம்பி

வாங்க தம்பி. பெசன்ட் நகர் மொட்டைமாடியில டவர் நட்டு, மேல யாகி ஆன்டெனா மாட்டி, பிரேசில்காரனுக்கு வணக்கம் வைக்கிறீங்க, ஜப்பான்காரனை நலம் விசாரிக்கிறீங்க. ரொம்ப சந்தோஷம். உங்க தலைக்கு மேல நிக்கிற நட்டுகிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேசறதில்லை. அது இறுகிக்கிச்சுன்னா குத்தம் யார் மேல? நான் பம்புசெட்டுக்காரன், ரேடியோ தெரியாது. ஆனா கிணத்துக்குள்ள இருந்தாலும் மாடி மேல இருந்தாலும் நட்டு நட்டுதானே!

கடல் காத்து வேணும்னு காசு கொட்டி வீடு வாங்குனீங்க. மத்தியானத்துக்கு மேல அந்தக் காத்தோட உப்பும் வருது. காத்துல ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே தண்ணியை இழுத்துக் கரைஞ்சு நிக்கும். சொட்டு மழையில்லாத சித்திரையிலயும் உங்க போல்ட்டு ராத்திரியில உப்புத்தண்ணியில ஊறுது. ஐப்பசி மழையாவது கழுவிவிடும். மயிலாப்பூர்ல உள்ளே தள்ளி இருக்கிறவருக்கு உப்பு கொஞ்சம் கம்மி. தி.நகர்ல இன்னும் கம்மி. ரங்கநாதன் தெருக் கூட்டத்துல உப்புக்கு நுழைய இடம் ஏது?

“எஸ்.எஸ். போல்ட்டு போட்டிருக்கேன் பெரியவரே, துருவே பிடிக்காது”ங்கறீங்க. துரு பிடிக்காது சரி, நட்டும் போல்ட்டும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும். எஸ்.எஸ்.ஸுக்கு மேல மெல்லிசா ஒரு தோல் இருக்கு. உலர்ந்த மரையில மெஷினை வெச்சு சர்ருன்னு முடுக்கினா தோல் உரிஞ்சு, இரும்பும் இரும்பும் பத்த வெச்ச மாதிரி ஒட்டிக்கும். அப்புறம் முன்னாலயும் போகாது, பின்னாலயும் வராது. அதுலயும் 304 ரகம் போட்டா கடலோரத்துல புள்ளிபுள்ளியா அரிக்கும். மாலிப்டினம் கலந்த 316 தாக்குப்பிடிக்கும். கடைக்காரர் சொல்லமாட்டார், நீங்களும் கேட்டிருக்கமாட்டீங்க.

அலுமினியக் குழாயில செம்புக் கம்பியை நேரா வெச்சு முறுக்கியிருக்கீங்களே, அதுதான் ஜோர்! நடுவுல உப்புத்தண்ணி நின்னா அது பேட்டரி. ரேடியோவுக்குக் கரண்டு போதாதுன்னு மாடியிலயே ஒண்ணு செஞ்சுட்டீங்க. கரையறது அலுமினியம், அவ்வளவுதான். ஜி.ஐ. பைப்புல ஓட்டை போட்ட இடத்துல துத்தநாகப் பூச்சு போயிடுச்சு. அங்க ஜிங்க் பெயின்ட் அடிக்காம விட்டதுல அம்பது ரூபாய் மிச்சம்.

1924-லயே கிருஷ்ணசாமி செட்டியும் கூட்டாளிங்களும் இந்த ஊர்ல ரேடியோ கிளப் வெச்சு ஒலிபரப்பினாங்க. காசு பத்தாம 1927-ல மூடிட்டாங்க. பாக்கியசாலிங்க, துருவோட ரொம்ப நாள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கலை.

மாட்டுற அன்னிக்கே மரையில ஆன்டி-சீஸ் பசை தடவிட்டா நட்டு இறுகிக்கிற தொல்லையே இல்லை. வேண்டாம்னா விடுங்க, பின்னால ஹாக்ஸா பிளேடும் கிரைண்டரும் ஏறுற ஆளுக்குக் கூலியும் வாங்கிக்கலாம். ஆனா தடவின மரை வழுக்கிட்டு ஓடும். பழைய பலத்துல இழுத்தீங்கன்னா போல்ட்டு முறிஞ்சு கையோட வரும். ஸ்டே ஒயர் டர்ன்பக்கிளை வருஷம் ஒருதரம், ஆவணிக்குள்ள, காத்தில்லாத நாளா பாத்து அசைச்சு விடுங்க. ஒரு நேரத்துல ஒண்ணு, அதுவும் கால் சுத்து, உடனே பழையபடி முடுக்கிடணும். எல்லாத்தையும் சேத்துத் தளர்த்தினா டவரே பக்கத்து வீட்டு மாமியை நலம் விசாரிக்கப் போயிடும்.

இத்தனையும் எதுக்குங்கறீங்களா? 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் வந்து ஊரு மரத்தையெல்லாம் சாய்ச்சுதே, அப்ப செல்போனும் படுத்துக்கிச்சு. அந்த மாதிரி நாள்லதான் உங்க ரேடியோவை நாலு பேர் தேடுவாங்க. புயல் வருதுன்னு முன்னாடியே சொல்லிடறாங்க, ஆன்டெனாவை இறக்கி வெச்சு, காத்து நின்னதும் திரும்ப ஏத்தலாம். நட்டு கழண்டாத்தான் இறக்க முடியும்.

சரி, மேல யூ-கிளாம்ப் நட்டுக்கு 13-ம் நம்பர் ஸ்பேனரா, 17-ஆ? என்ன தம்பி, ஆகாசத்தைப் பாக்கறீங்க?