கொல்கத்தாக் கடிதம்: ப்ரீபெய்டா, போஸ்ட்பெய்டா?

கொல்கத்தாவில் வேலை கிடைத்து லேக் மார்க்கெட் பக்கம் குடியேறும் தமிழருக்கு வாழையிலையும் முருங்கைக்காயும் முதல் நாளே கிடைத்துவிடும். ப்ரீபெய்டா, போஸ்ட்பெய்டா என்ற கேள்விக்கு விடை கிடைக்கத்தான் நாளாகும். பழைய தமிழ்நாட்டு எண்ணை வைத்துக்கொள்வதா, விடுவதா என்ற கிளைக் கேள்வியும் அதோடு ஒட்டிக்கொண்டே வரும்.

செல்பேசி விஷயத்தில் கொல்கத்தாவுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு கிளம்பியது இங்கிருந்துதான். 1995 ஜூலை 31 அன்று ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். கம்யூனிஸ்ட் முதல்வருக்கு இணைப்பு கொடுத்தது மோடி டெல்ஸ்ட்ரா என்ற தனியார் நிறுவனம். அதையும் ஊர் சகித்துக்கொண்டது. சகிக்க முடியாதது கட்டணம். நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு, அதுவும் வரும் அழைப்புக்கும் சேர்த்து. மாமியார் கூப்பிட்டாலும் மாப்பிள்ளைதான் பணம் கட்ட வேண்டும். வரும் அழைப்புகள் இலவசமானது 2003இல்தான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. தொலைத்தொடர்புக் கணக்கில் கொல்கத்தா மேற்கு வங்கத்தில் இல்லை. நகரமும் சுற்றுப்புறமும் ஒரு வட்டம், மாநிலத்தின் மீதி தனி வட்டம். சென்னை வட்டம் எப்போதோ தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. கொல்கத்தா மட்டும் தனிக்குடித்தனத்தை விடவில்லை. சாந்திநிகேதனுக்குப் போனாலே போன் ‘வெளியூர்’ போய்விட்ட காலம் ஒன்று இருந்தது. 2016இல் ஜியோ வந்து கட்டணப் போட்டி சூடுபிடித்த பிறகு உள்நாட்டு ரோமிங் கட்டணம் மறைந்தது. அதனால் இன்று தமிழ்நாட்டு எண்ணோடு ஹவுரா ரயில் நிலையத்தில் இறங்குபவருக்குப் பைசா நஷ்டமில்லை. அழைக்கும் வங்காளி நண்பர்கள் இளையராஜாவின் காலர் டியூனைக் கேட்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இந்தியாவில் பத்துக்கு ஒன்பது இணைப்புக்கு மேல் ப்ரீபெய்டு. காரணம் எளிது: கையில் இருப்பதற்கு மேல் செலவாகாது, மாதக் கடைசியில் அதிர்ச்சி இல்லை. தெருமுனைப் பான் கடையிலேயே ரீசார்ஜ் முடிந்துவிடும். ஆனால் தமிழ்நாட்டு எண் என்றால் கடைக்காரரிடம் எந்த வட்டம் என்று சொல்லிவிடுவது உத்தமம். இதில் சூட்சுமம் வேலிடிட்டியில் இருக்கிறது. பல பேக்குகளுக்கு ஆயுள் 28 நாள். 28ஐ 13ஆல் பெருக்கினால் 364. அதாவது, வீட்டு வாடகை வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை, போனுக்குப் பதின்மூன்று தடவை. இந்தப் பதின்மூன்றாம் மாதத்தைப் பற்றிப் புகார்கள் குவிந்ததால், 2022இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றையும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்றது. வைத்திருக்கிறார்கள், தேடிக் கண்டுபிடிப்பது வாடிக்கையாளர் பொறுப்பு.

போஸ்ட்பெய்டில் மாதம் மாதமாகவே இருக்கும். குடும்பத்து எண்களை ஒரே பில்லில் சேர்க்கலாம். மிச்சமான டேட்டா பெரும்பாலும் அடுத்த மாதத்துக்கு வரும். ஆனால் விளம்பரத்தில் இருக்கும் விலை வேறு, பில்லில் வரும் விலை வேறு. ப்ரீபெய்டு விலையில் வரி அடங்கியிருக்கும். போஸ்ட்பெய்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. 399 ரூபாய் திட்டம் கட்டும்போது 471 ரூபாய் ஆகிவிடும். எதை எடுத்தாலும், துர்கா பூஜை நேரத்தில் ஊரே பந்தல் பந்தலாகச் சுற்றும்போது நெட்வொர்க் நெரிசலில் இரண்டு வகை போன்களும் சமத்துவத்தோடு ஒன்றாக ஊமையாகும்.

பழைய எண்ணை விட்டுவிட வேண்டாம். வங்கியும் ஆதாரும் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தாலும், கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் எண்ணை உயிரோடு வைக்க டிராய் விதி இருக்கிறது. ஒரு வகையிலிருந்து மற்றதற்கு மாறுவதும் 2021க்குப் பிறகு ஓடிபி அளவில் முடிகிறது. உடனே மனம் மாறித் திரும்பி வருவதற்குத்தான் சில காலம் காத்திருக்க வேண்டும்.

ஆக, கொல்கத்தாவுக்குப் புதிதாக வருபவர் முதல் சில மாதம் ப்ரீபெய்டிலேயே இருப்பது நல்லது. வீடும் வேலையும் நிலைத்து, பில்லைப் படித்துப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் போஸ்ட்பெய்டுக்குப் போகலாம். படிக்காமல் கட்டுபவருக்கு அது ஆகாது. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் போனுக்குப் பிள்ளைதான் ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்றால், வேலிடிட்டி முடிவதற்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள், முடிந்த பிறகு கூப்பிட்டுச் சொல்ல அந்தப் போன் உதவாது.