பிஞ்சானைக் குலுக்கணும்

ரியாத்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"வெளிநாட்டுல போயி டீ மாஸ்டர் வேலையாடா பாக்குற?"ன்னு வாட்ஸப்ல கேட்டிருந்தீங்க. பின்னால கடையில நாலு பேர் சிரிக்கிற சத்தமும் கேட்டுச்சு. ஆமா சித்தப்பா, அதே வேலைதான். உங்களுக்குத் துண்டு, எனக்குத் தொப்பி. அப்புறம் என் தலைக்கு மேல ஒரு கடிகாரம் தொங்குது.

இது கோழியும் பர்கரும் விக்கிற கடை. ஒரு ஓரமா காபிக்குத் தனி கவுன்ட்டர். பர்கர் கடைக்குள்ள இப்படி ஒண்ணை 1993-ல மெல்போர்ன்ல மெக்டொனால்ட்ஸ்காரன் திறந்து வச்சான். ஊருக்கு ஊர் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. மிஷின்ல கொட்டையைக் கொட்டினா அதுவே அரைச்சு, சாதாரணக் காத்தைப் போல ஒன்பது மடங்கு அழுத்தத்துல வெந்நியை விட்டு, அரை நிமிஷத்துல டிக்காஷனை இறக்கிரும். பாலைக் காய்ச்சுறதுதான் நம்ம பொறுப்பு. அதுவும் 65 டிகிரிக்கு மேல போகக் கூடாதாம், ருசி கெட்டுருமாம். விடிகாலை ஏத்தி ராத்திரி வரைக்கும் பாலைக் கொதிக்கவிடுற உங்ககிட்ட இதைச் சொன்னா, பச்சைப் பாலைக் குடுத்து ஏமாத்துறீங்களாடான்னு கேப்பீங்க. ட்ரெயினிங்ல கை கழுவுறதுக்கு வீடியோ, தொப்பி போடுறதுக்கு வீடியோ. ஆத்துறதுக்கு மட்டும் வீடியோ கிடையாது. ஆத்துனா கடிகாரம் செவந்துரும்.

அந்தக் கடிகாரம் என்னன்னா, இங்க பாதிப் பேர் காரை விட்டு இறங்க மாட்டாங்க. ஜன்னலோரம் வண்டி வந்து நின்னதும் அது ஓட ஆரம்பிக்கும். நேரம் தாண்டினா சிவப்பு. சிவப்பு கூடிப்போனா மேனேஜர் மொகமும் அதே கலர்.

கேக்கிற கேள்வியெல்லாம் நம்ம கடைக் கேள்விதான். இனிப்பு கம்மி, டிக்காஷன் ரெண்டு பங்கு, ஐஸ் நெறைய, பால் மட்டும் ஓட்ஸ் பால். வெளியில 45 டிகிரி வெயில் காயிறப்போ ஸ்பானிஷ் லாட்டேன்னு ஒண்ணு ஓடுற ஓட்டம் இருக்கே! பெரிய வித்தை ஒண்ணுமில்ல. காபியில மில்க்மெய்டை ஊத்தி ஐஸை அள்ளிப் போடணும். நீங்க இதைச் செஞ்சீங்கன்னா சித்தி பாயச டப்பாவை எடுத்ததுக்குச் சண்டைக்கு வருவாங்க. விடியறதுக்கு முன்னால ஏலத்தோட்டத்து ஜீப்பு நிக்கிறப்போ, ஒத்தக் கையில அத்தனை கிளாஸைத் தூக்கிக்கிட்டு ஓடுவீங்களே, அந்த வேகத்துக்கு இங்க ஆள் இல்ல. மேனேஜர்கிட்டச் சொன்னேன். போட்டோ கேட்டாரு.

என்கூட ராத்திரி ஷிப்ட்ல நிக்கிறவன் உடும்பன்சோலைக்காரன். நம்ம மலைக்கு அந்தப் பக்கம்! சாக்கலூத்து மெட்டு வழியா ரோடு போட்டிருந்தா சின்னப் பிள்ளையிலேயே பழகியிருப்போம். அது வராததால ரியாத்ல வந்து பழகுறோம். ஏலக்காய் யாருதுன்னு தெனமும் தகராறு. தோட்டம் எங்களுதுன்னு அவன் சொல்வான். பறிக்கிறது எங்க சனம், போடி குடோன்ல உக்காந்து பொறுக்குறது எங்கம்மான்னு நான் சொல்வேன். ஏலம் அவங்க புத்தடியிலயும் நடக்குது, எங்க போடியிலயும் நடக்குதுன்னு சமாதானமாகிருவோம். முல்லைப் பெரியாறு பேச்சுப் பக்கம் மட்டும் ரெண்டு பேரும் போறதில்ல.

சித்தப்பா, அந்தக் காயெல்லாம் எங்க போகுதுன்னு இங்க வந்துதான் கண்ணால பாத்தேன். சவுதிக்காரங்க வீட்டுக் காபிக்குக் கொட்டையை லேசாத்தான் வறுக்குறாங்க. பால் இல்ல, சீனி இல்ல. ஏலக்காயைத் தட்டி அள்ளிப் போடுறாங்க. நிறம் நம்ம நீச்சத்தண்ணி மாதிரி, தொட்டுக்கப் பேரீச்சம்பழம். 2015-ல யுனெஸ்கோ இந்த அரபுக் காபியைப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு. 2022-ல இந்த ஊர் அரசாங்கம், ஓட்டல்கள்ல இனிமே இதுக்கு 'சவுதி காபி'ன்னுதான் பேர்னு உத்தரவே போட்டுச்சு. 2019-ல காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டப்போ பாயசத்துக்கு ஒண்ணே ஒண்ணு தட்டிப் போட்ட வீடு நம்ம வீடு. இங்க ஒரு கெட்டிலுக்குப் போடுறதைப் பாத்தா அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்துரும்.

எங்க கடையில அந்தக் காபி கிடையாது. ஒரு பெரியவர் பேரப்பிள்ளைகளுக்குப் பர்கர் வாங்க வருவாரு, கார்ல அவரோட பிளாஸ்க் இருக்கும். போன வாரம் காத்திருந்த நேரத்துல, "சதீக்"னு, அதாவது நண்பான்னு கூப்பிட்டு, பிஞ்சான்கிற சின்னக் கப்புல ஊத்தி ஜன்னல் வழியா எனக்கே நீட்டுனாரு. மூணுல ஒரு பங்குதான் ஊத்துவாங்க, அதுதான் மரியாதை. போதும்னா கப்பைக் குலுக்கிக் காட்டணும்; குலுக்குற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருப்பாங்க. எனக்கு அது தெரியும். நான் குலுக்கல. வாயில வச்சதும் நம்ம மலை ஸ்டோர்ல காய் காயிற வாசம்! அவர் ஊத்துறாரு, நான் குடிக்கிறேன். பின்னால எட்டுக் கார் ஹாரன் அடிக்குது, கடிகாரம் செவந்து கெடக்கு, உடும்பன்சோலைக்காரன் மலையாளத்துல என்னமோ சொல்றான். கடைசியில மேனேஜர் வந்து எட்டிப் பாத்தாரு. பெரியவர் அவருக்கும் ஒரு பிஞ்சானை நீட்டிட்டாரு. மறுக்கிறது மரியாதையில்லன்னு அவரும் வாங்கிக்கிட்டாரு. அவருக்குக் குலுக்கத் தெரியாது.

அப்புறம், நம்ம கடையில 'அரேபியன் காபி'ன்னு போர்டு வைக்கலாமான்னு கேட்டிருந்தீங்கள்ல? வேண்டாம் சித்தப்பா. நுரையை ஊதித் தள்ளிட்டு அளவு பாக்கிற ஊரு அது. மூணுல ஒரு பங்கு ஊத்திக் குடுத்து இதுதான் மரியாதைன்னீங்கன்னா, மிச்சம் ரெண்டு பங்கு மரியாதையையும் சேத்து ஊத்துய்யாம்பாங்க.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்