பாஸ் மட்டும் போதுமா?

கேள்வி: ஊட்டி, கொடைக்கானல் போல ஏற்காட்டுக்கும் இ-பாஸ் வந்தால் எங்கள் மலை பிழைக்குமா?
– வாசகர், வெள்ளக்கடை

பதில்: பாஸ் மட்டும் வந்தால் பிழைக்காது, கூடவே வரம்பும் வர வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. ஆனால், தொடக்கத்தில் கேட்டவருக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. வண்டிகளை எண்ணினார்கள், குறைக்கவில்லை. காய்ச்சலை அளந்தால் மட்டும் காய்ச்சல் இறங்கிவிடுமா? 2025 ஏப்ரல் 1 முதல்தான் உச்சவரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கு விலக்கு. பேருந்தில் போகிறவரைத் தடுக்காமல் கார்களைக் குறைத்ததுதான் அதில் நல்ல அம்சம்.

ஏற்காட்டிலும் 20 கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை வண்டியைத் தாங்கும், ஏரியைச் சுற்றி எத்தனை நிற்க முடியும் என்று முதலில் கணக்கெடுக்கட்டும். சிக்னல் கிடைக்காத மலைக்கிராமத்துக்காரரைச் சொந்த வீட்டுக்குப் போகவே பாஸ் கேட்டு அலையவிடக் கூடாது.

கேள்வி: பழைய செல்போனை என்ன செய்யலாம்?
– அதே வாசகர்

பதில்: காப்பித் தோட்டத்தில் மட்டும் புதைத்துவிடாதீர்கள்; மிளகுக்கொடிக்கு ஈயம் உரமாகாது! 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி தயாரிப்பாளரின் பொறுப்பு. புதிய போனை மலையேற்றி விற்கத் தெரிந்தவர்கள், பழையதை மலையிறக்கவும் வழி செய்யட்டும். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு சேகரிப்புப் பெட்டி வைக்கச் சொல்லி அடுத்த கிராமசபையிலேயே தீர்மானம் போடுங்கள்.