ஊருக்குப் போட்ட நாமம்

காஞ்சிபுரத்துக்காரனுக்கு வழக்கு புதிதல்ல. வரதராஜப் பெருமாள் கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று சண்டை மூண்டு, அது கடல் தாண்டி லண்டன் வரை போனதாக எங்கள் ஊரில் சொல்வார்கள். யானை நெற்றியில் யார் எந்தக் கோடு இழுப்பது என்பதற்கே விட்டுக்கொடுக்காத ஊர். அப்பேர்ப்பட்ட ஊருக்கே 2018-இல் ஒரு நாமம் போட்டார்கள். அது எந்தக் கலை என்று கேட்கக்கூட ஓர் ஆள் எழுந்திருக்கவில்லை.

நாமத்தின் பெயர் 'வி.பி. காஞ்சி வீரன்ஸ்'. வீரன், வீரர்கள் என்று தமிழில் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அண்ணா பிறந்த ஊரின் பெயரோடு ஓர் 'ஸ்' ஒட்டினால்தான் விளம்பரதாரருக்குப் புரியும்.

2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) தொடங்கியபோது எட்டு அணிகள். மாவட்டங்களுக்குக் கிரிக்கெட்டைக் கொண்டு போகப் போகிறோம் என்றார்கள். கொண்டு போனார்கள், மறுக்கவில்லை. ஆனால் மாவட்டத்தைத்தான் பெட்டியில் வைத்துக் கொண்டு போனார்கள். முதல் இரண்டு சீசனில் 'திருவள்ளூர் வீரன்ஸ்' என்று ஆடிய அணி, 2018-இல் காஞ்சி வீரன்ஸ் ஆனது. 2019-இலும் அதே பெயர். அடுத்து 2021-இல் மைதானத்துக்கு வந்தபோது அதுவே 'நெல்லை ராயல் கிங்ஸ்'. காஞ்சிக்குக் கேப்டனாக இருந்த பாபா அபராஜித்தே நெல்லைக்கும் கேப்டன். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுபவர் அவர். சட்டை தைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். பெருமாள் ஓர் அவதாரத்திலிருந்து அடுத்ததற்குப் போக யுகக் கணக்கு ஆகும். இவர்களுக்கு ஐந்து வருடத்தில் மூன்று முடிந்துவிட்டது.

திருவள்ளூரிலிருந்து காஞ்சிக்கு வந்ததையாவது பொறுத்துக்கொள்ளலாம். 1997-இல் ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிளந்து பிறந்த இரண்டு பிள்ளைகள் அவை. பங்காளி வீட்டுக்குச் சட்டி பானை மாறியது போல. நெல்லைக்கும் நமக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? கோயில் இட்லியைக் கொடுத்துவிட்டு அல்வா வாங்கிக்கொண்டோம், அவ்வளவுதான்.

நாங்கள் மட்டும் ஏமாளிகள் என்று நினைக்க வேண்டாம். முதல் ஆண்டே கோப்பையைத் தூக்கிய தூத்துக்குடி அணி, இன்று சேலம். காரைக்குடிக் காளை, திருப்பூருக்கு ஓட்டிச் செல்லப்பட்டது. கோப்பை வாங்கியும் தூத்துக்குடிக்கு இடம் நிலைக்கவில்லை என்றால், ஒன்றும் வாங்காத காஞ்சிபுரம் எந்த வாயால் கேட்பது?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. காஞ்சி வீரன்ஸ் காஞ்சிபுரத்தில் ஆடிய ஆட்டம் எத்தனை? ஒன்றுகூட இல்லை. ஆட்டமெல்லாம் சேப்பாக்கத்தில், நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில், திருநெல்வேலி சங்கர் நகரில். நம் ஊர்ப் பெயர் டிவியில் ஓடும், ஊர் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்.

2019-ஐ மறக்க முடியாது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, கோயில் குளத்திலிருந்து மேலே வந்து அத்திவரதர் எழுந்தருளியிருந்த நாட்கள். நாற்பது வருடத்துக்கு ஒரு முறை. வடக்கத்தியர், வெளிநாட்டார், மந்திரி, நடிகர், வரிசையில் மயங்கி விழுந்த பாட்டி என்று யார்தான் வரவில்லை? சொந்த வீட்டுக்குப் போக நாங்கள் போலீஸ்காரரிடம் ஆதார் அட்டையை நீட்டிய காலம் அது. சரியாக அந்த நாட்களிலேதான், ஜூலை 19 முதல் ஆகஸ்ட் 15 வரை, டி.என்.பி.எல். சீசன். உலகமே காஞ்சிபுரத்துக்கு வந்தது. காஞ்சி வீரன்ஸ் மட்டும் வரவில்லை.

மைதானம் தகுதியில்லை என்பார்கள். ராத்திரி ஆட்டத்துக்கு வெளிச்சம் வேண்டும், கேமரா வைக்க மேடை வேண்டும், ஐந்து நட்சத்திர ஓட்டல் வேண்டும். சரி. தகுதியில்லாத மைதானத்துக்கு ஒரு லாரி மண்ணாவது அடித்தார்களா? இரண்டு சீசன் பெயரைப் போட்டுக்கொண்டதற்கு வாடகையாக ஒரு புல்தரை? எங்கள் ஊர்ப் பையன்கள் பந்து போடுகிற இடத்தில் கொஞ்சம் சரளை பொறுக்கிக் கொடுத்திருந்தால்கூட நான் இந்தக் கட்டுரையை எழுதாமல் விட்டிருப்பேன்.

அத்திவரதர் வந்த அந்த வருடம், எங்கள் ஊர்ப் பிள்ளையார்பாளையத்தில் தெரிந்த நெசவாளர் ஒருவர், தறிக்குழியில் கால் தொங்கப் போட்டபடியே கேட்டார்.

"நம்ம டீமுன்னு போடறாங்களே சார், எங்க ஆடறாங்க?"

"நத்தத்துல."

"அது எங்க இருக்குது?"

"திண்டுக்கல் பக்கம்."

நாடாவைத் தள்ளினார். "அப்ப அது நம்ம சேலை இல்ல சார். டூப்ளிகேட்."

அவர் சொன்னதில் ஒரு சட்டமே இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறெங்கோ விசைத்தறியில் ஓட்டிய சேலைக்கு 'காஞ்சிபுரம்' என்று பொய்யாகக் குறியீடு ஒட்டினால், 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். ஆறு கஜமோ ஒன்பது கஜமோ, துணிக்கு அந்த ஊர்ப் பெயர் வேண்டுமானால் அந்த ஊர்க் கை பட்டிருக்க வேண்டும். கிரிக்கெட்டுக்கு அந்தச் சட்டம் செல்லாது. பதினொரு பேருக்குச் சட்டை மாட்டிக் 'காஞ்சி' என்று முதுகில் அச்சடித்தால் அது குற்றம் அல்ல, பிராண்ட்.

விளையாட்டுக்காரர்கள் எந்த ஊரிலிருந்து வந்தால் என்ன என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. நாங்கள் மறைத்ததே இல்லை. ஆனால் பாவு பிணைத்தது இங்கே, கோர்வை போட்டது இங்கே, கரையையும் உடலையும் ஒட்டவைக்கத் தறிக்கு இரண்டு பேர் முதுகு வளைத்தது இங்கே. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று எங்கள் ஊரில் பெருமை அடிப்பார்கள். இவர்கள் நெய்த சேலையில் முதலில் பிரிந்ததே கரை.

கால்பந்து இதைவிடக் கேவலம். இந்தியன் சூப்பர் லீக் 2014-இல் வந்தது. நாற்காலி பணம் கட்டியவருக்கு. கீழே ஐ-லீக் என்று ஒன்று, வியர்வை சிந்துகிறவர்களுக்கு. 2019 மார்ச் 9-ஆம் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி ஐ-லீக் சாம்பியன் ஆனது. (சென்னை என்று பெயர், வீடு கோயம்புத்தூரில். இந்த வியாதி அவர்களையும் விடவில்லை. ஆனால் கோயம்புத்தூரில் நிஜமாகவே ஆடினார்கள்.) கோப்பையோடு வாசலில் நின்ற அணிக்கு மேல்வீட்டுக் கதவு திறக்கவில்லை. அடுத்த வருடம், 2020-இல், கதவு திறந்தது. யாருக்கு? ஒரு புள்ளியில் தோற்ற ஈஸ்ட் பெங்காலுக்கு. கோல் போட்டதால் அல்ல, ஒரு சிமெண்ட் கம்பெனி கைப்பிடித்ததால். ஆட்டத்தால் ஜெயித்து முதன்முதலில் உள்ளே போன அணி பஞ்சாப் எஃப்.சி., அதுவும் 2023-இல். அதற்குள் சென்னை சிட்டியின் பெயர் ஐ-லீகிலேயே இல்லை. அப்படிப் பூட்டிப் பூட்டிக் காத்த வீட்டின் வணிக உரிமைக்கு 2025-இல் டெண்டர் விட்டார்கள். எடுக்க ஒருவரும் வரவில்லை. நான் சிரித்தேன். சிரித்தது தப்பு என்று வீட்டில் சொன்னார்கள், சம்பளம் வராமல் நிற்கும் பையன்களை நினைத்துப் பார் என்று.

அமெரிக்காவில் கல்லூரி அணிகளே இப்படி இடம் தேடி அலைகின்றன. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024-இல் சேர்ந்த சங்கத்தின் பெயர் 'அட்லாண்டிக் கரை மாநாடு'. கண்டத்தின் அந்தக் கோடியில் இருக்கிற கடல்! டல்லாஸில் உள்ள எஸ்.எம்.யூ., ஒன்பது வருடம் டிவிப் பணத்தில் பங்கே வேண்டாம், சேர்த்துக்கொண்டால் போதும் என்று உள்ளே போனது. பெண் கொடுத்துச் சீரும் கொடுத்துக் காலிலும் விழுந்த சம்பந்தம். 'பெரிய பத்து' என்ற சங்கத்தில் இப்போது பதினெட்டு அணிகள். பசிபிக் பன்னிரண்டில் கடைசியில் மிஞ்சியவை இரண்டு. கணக்கு வாத்தியார் இல்லாத பல்கலைக்கழகங்களா இவை? எண்ணத் தெரியாமல் இல்லை. எண்ணுவது வேறு.

நம் ஊர்க் கல்லூரிப் பையன்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவர்களை யாரும் ஏலம் கேட்கப் போவதில்லை. பல்கலைக்கழகப் போட்டிக்குப் போக பஸ் காசு வருமா, ஆட்டம் முடிந்து சாப்பாடு உண்டா என்பதோடு அவர்கள் மாநாடு முடிந்துவிடும். கூத்து என்னவென்றால், காஞ்சிபுரம் என்ற பெயருக்காக நிஜமாகவே வெயிலில் காலைத் தேய்க்கிறவர்கள் இவர்கள்தான். இவர்கள் சட்டையில் அந்தப் பெயரை அச்சடிக்கத்தான் யாரிடமும் காசில்லை.

பெயரை எடுத்தபோது எங்களைக் கேட்கவில்லை. கழற்றி வைத்தபோதும் சொல்லவில்லை. நெல்லைக்காரர்களே, உங்கள் மேல் கோபம் இல்லை. 2023-இல் உங்கள் அணி இறுதி ஆட்டம் வரை போனபோது, நம்மிடம் இருந்த மாடு பக்கத்து வீட்டில் பால் கறக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தோம். உங்களுக்காவது ஊரில் ஆட்டம் காட்டுகிறார்கள். ஆனாலும் வருடா வருடம் சட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்தாரே, இனி எவனாவது நம் பெயரை நெஞ்சில் எழுதிக்கொண்டு டிவிக்குள் வந்தால், விசில் அடிக்கும் முன் எந்தத் தறியில் நெய்தது என்று கேளுங்கள். நாற்பது வருடம் தண்ணீருக்குள் கிடப்பவர்கூட அதே அனந்தசரஸ் குளத்திலிருந்துதான் மேலே வருகிறார். அத்திவரதர் அடுத்து 2059-இல் எழுந்தருள்வார். காஞ்சி வீரன்ஸ் காஞ்சிக்கு வரும் தேதி எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.